மேகலா மூச்சு விடும் இடங்கள்

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி என் கணவர் முத்தரசுவின் ஆபீசில் புது வருடத்துக்குக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து இன்றுவரை ஒரு கோடுகூட விழவில்லை. ஆதிரை பிறந்த பிறகு இந்த வீட்டில் சுத்தமாக இருக்கும் ஒரே பொருள் இதுதான். கண்ணை உறுத்தியது. எழுதிக் கெடுக்கலாம் என்று எடுத்திருக்கிறேன்.

இன்று பிரமீளா அக்கா போன் செய்தார். எங்கள் சீரியலுக்கு அவர்தான் டப்பிங் இன்சார்ஜ்.

"ஏண்டி செண்பா, பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகப் போகுதுல்ல? வியாழக்கிழமை ஒரு எட்டு ஸ்டூடியோ பக்கம் வந்துட்டுப் போ."

"மேகலாவுக்கா அக்கா?"

"வா, பேசிக்கலாம்."

மேகலா சீரியலின் கதாநாயகி. திரையில் அழுவது பெங்களூர்ப் பெண். மூன்று வருடமாக அவளுக்காகத் தமிழில் அழுதது நான். எட்டாம் மாதத்தில் நீளமான வசனத்துக்கு மூச்சு போதாமல் நின்றபோது, "மூணே மாசம், ரூபான்னு ஒரு பொண்ணு பாத்துக்குவா, நீ வந்ததும் உன் மேகலா உனக்குத்தான்" என்றார் அக்கா. அந்த மூணே மாசம் இப்போது எட்டு மாதம். எனக்கு ஒரு கவலையும் இல்லை. ரூபா பேசும் எபிசோடுகளையும் தினம் பார்க்கிறேன். அந்த நேரத்தில் துணி மடிக்க வேண்டியிருக்கிறது, டிவி எதிரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆதிரைக்குக் கழுத்தில் வேர்க்குரு. மூன்று தடவை எண்ணினேன். பதினான்கு.

ஜூன் 10, செவ்வாய்

பின்னால் மகள் கேட்டால் காட்டுவதற்காக என் கலை வாழ்க்கையை எழுதி வைக்கிறேன். ஒரு பக்கம் போதும்.

பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி. ஆண் வேடத்துக்கு ஆள் வேண்டும். என் குரல் கட்டை. மூன்று வருடத்தில் நான்கு ராஜா, ஒரு தாசில்தார், ஒரு எமன். எமனுக்குப் பரிசு கிடைத்தது. அந்தத் தைரியத்தில் சென்னைக்கு வந்து ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தேன். ஆறு மாதம் நடக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு மணி நேர நாடகத்தில் மரமாக நின்றேன். நல்ல மரம் என்று ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள்.

அந்த மரத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் சினிமாவுக்குக் கூப்பிட்டார். கதாநாயகியின் தோழி, மூன்று காட்சி. கோவில்பட்டியிலிருந்து அம்மா, அப்பா, பக்கத்து வீடு எல்லாரும் வந்து படம் பார்த்தார்கள். திரையில் நான் வாயைத் திறந்தேன். உள்ளே இருந்து வேறு ஒருத்தி பேசினாள். தேன் தடவிய குரல். "என்னட்டி, சளி புடிச்சிருந்துச்சா?" என்றாள் அம்மா. முகத்துக்கும் குரலுக்கும் பொருந்தவில்லை என்று என்னிடம் சொல்லாமலே மாற்றிவிட்டார்கள்.

எனக்காகப் பேசியது யார் என்று விசாரித்துக்கொண்டு சாலிகிராமத்துக்குச் சண்டை போடப் போனேன். பிரமீளா அக்காதான். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீ வரவழைத்து, "இந்தக் குரலை வச்சிக்கிட்டு ஏம்மா மூஞ்சியைக் காட்டிக்கிட்டு அலையுற? உள்ளே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு டப்பிங் நடக்குது, வந்து கத்து" என்றார். கத்தினேன். அப்படியே தங்கிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

போனேன். ஆதிரையை முத்தரசுவிடம் விட்டேன். அவருக்கு மெட்ரோ ஸ்டேஷனில் இந்த வாரம் மதிய ஷிஃப்ட், காலையில் வீட்டில்தான். பால் எங்கே, துணி எங்கே, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். "ஸ்டேஷன்ல தீப்பிடிச்சா என்ன பண்ணணும்ங்கிறதே ஒரு பக்கம்தான் செண்பா" என்றார்.

அக்கா என்னை மைக் முன்னால் நிறுத்தி மேகலாவின் நான்கு வரி பேசச் சொன்னார். பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார்.

"குரல் நல்லா கனிஞ்சிருக்குடி."

கனிந்திருக்கிறது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

"மேகலா ரூபாகிட்டயே இருக்கட்டும். சேனலும் பழகிட்டாங்க. கோமளா அம்மா அமெரிக்கா கிளம்பிட்டாங்க, மகளுக்குப் பிரசவம். வேதநாயகிக்கு ஆள் இல்ல. நீ பண்ணு."

வேதநாயகி மேகலாவின் மாமியார். ஐம்பத்தெட்டு வயது. எனக்கு இருபத்தொன்பது.

"அக்கா, மாமியாரா?"

"உன்னைய யாரு பாக்கப் போறா?"

மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டேன். ஆட்டோவில் வரும்போது கண்ணில் தூசி. சாலிகிராமத்திலிருந்து வீடு வரைக்கும் தூசி.

ஜூன் 13, வெள்ளி

முத்தரசுவிடம் சொன்னேன். யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஒத்திகை வேணும்னா வீட்லயே பாத்துக்கலாமே, தினம் காலைல எனக்கு அதானே நடக்குது" என்றார். ஈரத் துண்டை எறிந்தேன். சரியாகத் தலையில் விழுந்தது.

ஜூன் 16, திங்கள்

முதல் நாள். வேதநாயகி கைக்குழந்தையை மேகலாவிடமிருந்து பிடுங்குகிறாள். என் வசனம் இரண்டு டேக்கில் முடிந்தது. கிளம்பும்போது அக்கா, "அந்தக் குழந்தை அழுகையும் குடுத்துட்டுப் போயிடேன், வீட்ல சாம்பிள் வச்சிருக்கல்ல" என்றார்.

வைத்திருக்கிறேன். பசி அழுகை, தூக்க அழுகை, சும்மா அழுகை எல்லாம் எனக்கு அத்துப்படி. பசி அழுகையைக் கொடுத்தேன். முதலில் இரண்டு விக்கல், பிறகு ஒரு இழுப்பு, பிறகு வீறல். பிரமாதமாக வந்தது. அக்கா அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்.

போட்டுக் காட்டியதுதான் தப்பு. நெஞ்சு கனத்தது, அடுத்த நிமிடம் சுடிதார் முன்பக்கம் நனைந்துவிட்டது. என்னுடைய சொந்த அழுகைக்கு எனக்கே பால் சுரந்துவிட்டது. பத்து வருட நடிப்பில் இவ்வளவு நம்பிய ரசிகர் எனக்கு வாய்த்ததில்லை. அக்கா ஒரு துப்பட்டாவை என் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு நாற்காலியில் விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டுக்கு ஓடினேன். ஆதிரை அழவே இல்லையாம். நான் போனதிலிருந்து ஒரு தடவைகூட. அப்பாவின் வயிற்றின்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நல்லதுதான். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். எழுப்பிப் பால் கொடுத்தேன்.

ஜூன் 18, புதன்

இப்போதெல்லாம் யாரும் சேர்ந்து நின்று பேசுவதில்லை. ஒருவர் பேசிப் பதிந்துவிட்டுப் போவார்; அடுத்தவர் அதை ஹெட்போனில் கேட்டபடி தன் பங்கைத் தனியாகப் பேசுவார். பால் நேரத்துக்காக என்னை முதலில் விடுகிறார்கள். ரூபா மத்தியானம் வந்து என் வேதநாயகிக்குப் பதில் சொல்கிறாள். நாங்கள் இன்னும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

இன்றைய காட்சியில் வேதநாயகி கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்க, மேகலா நீளமாகக் கெஞ்சுகிறாள். முதுகுக்கு உதடு கிடையாது. அங்கே என்ன சத்தம் போட்டாலும் பொருந்தும். அதனால் மேகலாவின் வசனத்துக்கு நடுவே மூக்கால் ஒரு "ஹும்" வைத்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மொத்தம் ஆறு.

"அட, பாத்திரம் நிமிர்ந்து நிக்குதே!" என்றார் அக்கா.

எல்லாம் பாத்திரத்துக்காகத்தான். ஆறும் மேகலா மூச்சு விடும் இடங்கள். அந்த இடங்களை நான் தேட வேண்டியதில்லை; மூன்று வருடம் அங்கே மூச்சு விட்டவள் நான்தானே.

ஜூன் 20, வெள்ளி

அந்தக் காட்சிக்கு ரூபா பதினோரு டேக் போனாளாம். பாவம்.

இன்று பாயசம் வைத்தேன். விசேஷம் ஒன்றும் இல்லை. சேமியா மீந்திருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஆதிரைக்கு இன்று முதல் கேழ்வரகுக் கூழ். இரண்டு ஸ்பூன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஸ்பூன் என் மூக்கில், ஒரு ஸ்பூன் காலண்டரில். வயிற்றுக்குள் ஏதாவது போயிருந்தால் அது அவளுக்கே தெரியாது.

மாடிவீட்டு நஸீமா அக்கா போனை நீட்டியபடி வந்தார். வேதநாயகியின் ஹும்மை மட்டும் வெட்டி, யார் யாரோ நடிக்கிறார்கள்: கணவன் கோலம் போடுகிறான், ஹும், மகன் மார்க் ஷீட் காட்டுகிறான், ஹும். "இது நீதானா? உன்னைப் பாத்தா வாயில்லாப் பூச்சி மாதிரில்ல இருந்துச்சு!" என்றார். முத்தரசு நேற்று சாம்பாரை ருசி பார்த்துவிட்டு ஒரு ஹும் போட்டார். அவருக்கு நான் ரசம் ஊற்றவில்லை.

ஒரு மரம், நான்கு ராஜா, ஒரு எமன். கடைசியில் ஊர் என்னை ஒரு மூக்குச் சத்தத்தால் அடையாளம் காண்கிறது. பரவாயில்லை. அந்த வீடியோவை இருபத்திரண்டு தடவை பார்த்தேன்.

ஜூன் 27, வெள்ளி

அக்கா வேலை முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"சேனல்ல மேகலா குரல் நடுங்குதுங்கறாங்க. போன வாரத்துலேர்ந்து. மாமியார் முன்னால மருமக நிக்க மாட்டேங்கறா, ஆள மாத்துங்கன்னு. உன் மேகலா திரும்பி வர்றா போலடி. வேதநாயகிக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன். அடுத்த வெள்ளிக்குள்ள முடிவு சொல்லணும்."

"ரூபா?"

"அவளுக்கு இது ஒண்ணுதான் சீரியல். கூட்டத்துல கத்தப் போக வேண்டியதுதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? எட்டு மாதமாக நான் கேட்டது இதைத்தானே. டைரியில் இப்படி எழுதியிருக்கிறேனா என்று பின்னால் புரட்டிப் பார்த்தேன். கவலை இல்லை, மகிழ்ச்சி என்றுதான் எழுதியிருக்கிறேன். எழுத்து எப்போதும் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறது.

ஜூன் 28, சனி

ஆதிரை நெற்றி சூடு. தெர்மாமீட்டர் இல்லை என்கிறது, கை ஆமாம் என்கிறது.

ஜூன் 30, திங்கள்

காய்ச்சல் இல்லை. கைதான் சூடு.

ஸ்டூடியோவில் என் வேலை நீண்டுவிட்டது. வெளியே வந்தபோது நடைபாதை பெஞ்சில் ஒரு பெண், ஒல்லி, நெற்றியில் விபூதி, மடியில் நோட்டுப் புத்தகம். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"செண்பா அக்காதானே? நான் ரூபவதி. மேகலா பண்றேன்ல."

என் மனதில் இருந்த ரூபா நல்ல உயரம், கொஞ்சம் திமிர்.

"அக்கா, ஒரே ஒரு சந்தேகம். தப்பா நினைக்காதீங்க. நான் சேரும்போது உங்க பழைய எபிசோட் எல்லாம் போட்டுக் கேட்டேன். நூத்திப் பத்து எபிசோட். நீங்க எங்கெங்க மூச்சு விடுறீங்கன்னு எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

காட்டினாள். வசனங்களுக்கு நடுவே சிவப்புப் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள். பக்கம் பக்கமாக நான் மூச்சு விட்டிருந்தேன்.

"உங்க மாதிரியே அதே இடத்துலதான் விடுறேன். இவ்ளோ நாள் ஒண்ணும் ஆகல. இப்ப பாருங்க, நான் மூச்சு எடுக்கிற இடத்துலயெல்லாம் வேதநாயகி கரெக்டா ஹும்னு சிரிச்சுடறாங்க. அப்படியே நெஞ்சுல அடைச்சிக்கிது. அடுத்த வார்த்தை வர மாட்டேங்குது. நீங்களா இருந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

அவள் முகத்தில் துளிகூடச் சந்தேகம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. குத்திக் காட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"பிள்ளைக்குப் பால் நேரம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பால் நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

சாப்பிடும்போது முத்தரசுவிடம் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். சும்மா, ஒரு செய்தி மாதிரி.

"அதெப்படி சரியா அவ மூச்சு விடுற இடத்துல விழுது?"

"தற்செயல்."

"ஆறும்?"

"நீங்க ரயில் கதவு சரியா மூடுதான்னு பாருங்க, போதும்."

அவர் ஆதிரையின் வாயைத் துடைத்துவிட்டு அவளிடம், "உங்கம்மா எமன் வேஷத்துக்குப் பரிசு வாங்கினவ, தெரியுமா?" என்றார். அவள் சிரித்தாள். இரண்டு பேரிடமும் பேசவில்லை.

அப்புறம் நானே யோசித்துப் பார்த்தேன். என் சினிமாவில் என் வாய்க்குள் வேறொருத்தி பேசியபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் பிரமீளா அக்கா என்னை நோகடிக்கப் பேசவில்லை. அவருக்கு அப்போது என்னைத் தெரியவே தெரியாது. நான் தெரிந்து செய்தேன். முதல் ஹும் பாத்திரத்துக்காக வந்தது. மற்ற ஐந்தும் எனக்காக.

எழுதிவிட்டேன். அடிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அந்த ஹும்..."

"என்ன, ரேட்டு ஏத்தப் போறியா?"

"அது நான் வேணும்னே வச்சது. அவ மூச்சு விடுற இடமாப் பாத்து."

"அதுக்கென்ன?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஏண்டி, நான் காதை வச்சுச் சம்பாதிக்கிறவ. முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

"டேக் நல்லா இருந்துச்சே!"

இவரிடம் என்ன பேசுவது? வெள்ளிக்கிழமை மேகலா வீட்டை விட்டு வெளியேறும் காட்சி. அதற்கு ரூபாவையும் என்னையும் சேர்த்து நிறுத்தச் சொன்னேன். இரண்டு மைக், எதிரெதிரே, மேடையில் நிற்கிற மாதிரி. அதைச் சேனலுக்கு அனுப்பிவிட்டு முடிவெடுக்கச் சொன்னேன்.

"அவ நல்லாப் பண்ணிட்டா உன் மேகலா போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாத. உனக்கு வேணுமா வேணாமா?"

"வேணும்க்கா. இப்படி வேணாம்."

"ரெண்டு மைக் போடணும்னா இன்ஜினியர் என்னைய கொன்னுடுவான்" என்றார். வைத்துவிட்டார். சரி என்றுதான் அர்த்தம்.

ஜூலை 4, வெள்ளி

ஆதிரை இன்று தானாகவே குப்புற விழுந்தாள். நான் செருப்பு மாட்டும்போது. திரும்ப மல்லாக்கப் போடச் சொல்லிக் கத்தினாள். போட்டேன். மறுபடி விழுந்தாள். பஸ்ஸை விட்டேன்.

பெஞ்சில் ரூபா. பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன்: "அந்தச் சிரிப்பெல்லாம் வேணும்னே பண்ணினது. உன்னை நிறுத்தத்தான். மேகலா எனக்குத் திரும்ப வரணும்னு."

அவள் நோட்டை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"எங்க வீட்ல அண்ணன் சொன்னான்க்கா. அந்தப் பொம்பள உன்னைய வச்சு செய்யுதுன்னு. நான்தான் சேச்சே, அவங்க அப்படி இல்ல, குழந்தை வச்சிருக்காங்கன்னு சொன்னேன்."

குழந்தை வைத்திருப்பவர்களைப் பற்றி இந்த உலகத்துக்கு எவ்வளவு நல்ல எண்ணம்! "மன்னிச்சிடும்மா. இன்னைக்கு ஒரு ஹும் வராது" என்றேன்.

"ஏன் வராது?" சட்டென்று என் பக்கம் திரும்பினாள். ஒல்லிக் கழுத்தில் நரம்பு தெரிந்தது. "போடுங்கக்கா. போட்டாத்தான் வேதநாயகி. ஹெட்போன்ல வந்தாத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு. நேர்ல போடுங்க, பாத்துக்கறேன்."

உள்ளே போனோம். இரண்டு மைக், நடுவில் நான்கு அடி. திரையில் வாசற்படியில் பெங்களூர்ப் பெண், இடுப்பில் குழந்தை. வேதநாயகி முதுகு காட்டி நிற்கிறாள்.

ரூபா நோட்டை உள்ளே கொண்டுவரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. திரையில் அந்தப் பெண்ணின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வசனம் இதுதான்: "இது உங்க வீடுதான் அத்தை. ஆனா இது என் பிள்ளை." எவரும் 'அத்தை'யில்தான் மூச்சு விடுவார்கள். நானும் அங்கேதான் விட்டிருப்பேன். அங்கே என் ஹும்மைத் தயாராக வைத்திருந்தேன்.

"இது உங்க வீடுதான் அத்தை ஆனா" என்று ஒரே இழுப்பில் போய், அங்கே நின்றாள். என் ஹும் அவள் 'ஆனா'வுக்கு அடியில் மாட்டி நசுங்கிவிட்டது. அவள் அவசரமில்லாமல் மூச்சை இழுத்துக்கொண்டு, "இது என் பிள்ளை" என்று தரையில் வைத்த மாதிரி சொன்னாள். திரையில் பார்த்தேன். அந்தப் பெங்களூர்ப் பெண்ணின் உதடும் 'ஆனா'வில்தான் நின்றிருந்தது. அவள் வேறெங்காவது இப்படி நின்றாளா என்று மூன்று வருடத்தில் நான் பார்த்திருக்கிறேனா? நான் விடும் இடத்தில் அவளும் விடுவாள் என்றே இருந்துவிட்டேன்.

எனக்குப் புல்லரித்தது. கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் அடுத்த வரியை விட்டுவிட்டேன். ஸ்பீக்கரில் அக்காவின் குரல்.

"ரூபா, ஓகே. அப்படியே வச்சுக்கறேன், இதான் சேனலுக்குப் போகுது. போய் டீ குடி."

ரூபா ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, கதவருகில் போய், திரும்பி என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும், சின்னதாக, "ஹும்" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவும் இன்ஜினியரும் சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது.

"செண்பா, உனக்கு ஒன் மோர்."

அதற்கு மேலும் எட்டு டேக் போனது.